ஏரிக்கரையில் நண்டு வளை: இணையக் கொள்ளையும் நம் சங்கங்களும்

‘சர்வர்’ என்றால் முன்னாளில் சிற்றுண்டிச்சாலையில் இட்டலியும் காப்பியும் கொண்டுவந்து வைப்பவர் என்று பொருள். இன்று அச்சொல் வேறு பொருள் பெற்றுவிட்டது. நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கும் தாய்மாரிடம், “சர்வர் வேலை செய்யலை அம்மா, நாளைக்கு வாங்க” என்கிறார் விற்பனையாளர். பயிர்க்கடன் பெற வந்த விவசாயியும், நெசவுக்கூலி கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க வந்த நெசவாளியும் அதே சொல்லைக் கேட்டுத் திரும்புகின்றனர். அந்தச் சர்வரை நம்மில் எவரும் கண்டதில்லை. எங்கோ தொலைவில், குளிரூட்டிய கட்டடமொன்றில், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி அது. அது நின்றால் நம் அலுவல்களும் நின்றுவிடுகின்றன.

தானாகப் பழுதுபட்டு நிற்குமாயின் ஒரு நாள் தொல்லையோடு போயிற்று. ஒருவன் வேண்டுமென்றே உட்புகுந்து நிறுத்தினால், அல்லது நிறுத்தாமலேயே ஓசையின்றி நம் பணத்தை எடுத்துச் சென்றால், என்ன செய்வது? இவ்வாறு பிறர் கணினிக்குள் களவாகப் புகுவோரை ஹேக்கர்கள் என்கின்றனர். இவர்களால் நாட்டுக்கு நேரும் அபாயத்தைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. அவற்றைப் படிக்கும் நம் அங்கத்தினர் பலர், “இது பெரிய வங்கிகளுக்கும் அரசுக்கும் உரிய கவலை, நமக்கென்ன?” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பதையும், கூட்டுறவாளர்களுக்கே இதில் மற்றவரினும் அதிகப் பங்கு உண்டு என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

கடலடியிலிருந்து கணக்கர் மேசை வரை

இணையம் ஆகாயத்தில் மிதப்பது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது மண்ணிலும் கடலடியிலும் கிடக்கும் கண்ணாடி இழைகளால் ஆனது. வெளிநாடுகளோடு நம்மை இணைக்கும் கடலடிக் கம்பிவடங்கள் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய சில ஊர்களிலேயே கரையேறுகின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002ஆம் ஆண்டில் ஒரு வடம் போடப்பட்டது. சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள வடம் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. 2008 ஜனவரி இறுதியில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரை ஒட்டிய கடலில் வடங்கள் அறுந்தபோது, இந்தியாவில் இணையம் மந்தமாயிற்று. எங்கோ அறுந்த இழை இங்கே அலுவலை நிறுத்தியது.

கூடுவாஞ்சேரி வாசிகளாகிய நமக்கு இது புதிய பாடமன்று. நம் செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஓர் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் அந்நீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. மேலேரியின் கரை உடைந்தால் கீழேரியும் தாங்குவதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இச்சங்கிலியின் தன்மையைக் கண்கூடாகக் கண்டோம். இணையமும் இத்தகைய ஏரிச்சங்கிலியே. இதில் கரை உடைவதற்குப் பெருவெள்ளம் வேண்டுவதில்லை. நண்டு வளை ஒன்று போதும். அந்த வளையைத் தேடுவதே ஹேக்கரின் தொழில்.

கும்பகோணத்தில் நடந்தது

நம் மாநிலத்துக் கதையையே முதலில் சொல்வோம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 1904இல் தோன்றியது. இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், காஞ்சிபுரத்தில் கூட்டுறவு நகர வங்கி பதிவானதும் அதே ஆண்டில்தான். அவ்வங்கி தனியார் துறையைச் சேர்ந்ததாயினும் அதன் அனுபவம் நமக்கும் பாடமாகும்.

நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் கட்டளைகளை வங்கிகள் ‘ஸ்விப்ட்’ என்னும் செய்தி முறையின் வழியே பரிமாறிக்கொள்கின்றன. 2018 பிப்ரவரியில் ஹேக்கர்கள் அவ்வங்கியின் ஸ்விப்ட் அமைப்புக்குள் புகுந்து, வங்கி அனுப்பியதுபோல மூன்று பொய்க் கட்டளைகளை அனுப்பினர். துபாய்க்கு 5 லட்சம் டாலர். துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. சீனத்துக்கு 10 லட்சம் டாலர். அனுப்பிய கட்டளைகளுக்கு ஒப்புகை அச்சாகி வரும் அச்சுப்பொறியையும் செயலிழக்கச் செய்துவிட்டனர். காலையில் வரும் ஊழியர் ஐயுறக் கூடாது அல்லவா?

இது எவ்வாறு வெளிப்பட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டுவது. பிப்ரவரி 7ஆம் நாள் வங்கி ஊழியர்கள் வழக்கம்போல் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தனர். தாம் அனுப்பாத மூன்று தொகைகள் அனுப்பப்பட்டிருக்கக் கண்டனர். உடனே தொடர்புடைய வங்கிகளுக்குத் தெரிவித்தமையால் துபாய்த் தொகையும் துருக்கித் தொகையும் தடுக்கப்பட்டன. சீனத்துக்குச் சென்ற தொகையை மட்டும் போலிப் பத்திரங்கள் காட்டிப் பெற்றுவிட்டனர். ஆக, இக்கொள்ளையின் ஒரு பகுதியையேனும் தடுக்க வழிசெய்தது எது? ‘அன்றன்று கணக்கை ஒப்பிடு’ என்று நாம் சங்கம் சங்கமாகச் சென்று சொல்லிவரும் பழைய விதியேயன்றி வேறில்லை.

புனேயில் இரண்டாம் சனிக்கிழமை

அதே ஆண்டில் கூட்டுறவு உலகின் மீதே பேரிடி விழுந்தது. புனேயிலுள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 1906இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் நகரக் கூட்டுறவு வங்கி. 2018 ஆகஸ்டு 11, இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை நாள். ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைச் செருகினால், “இவர் கணக்கில் இவ்வளவு பணம் உண்டா?” என்ற கேள்வி வங்கிக்குப் போய், “உண்டு” என்ற விடை வந்த பிறகே பணம் வெளிவரும். கள்வர்கள் இக்கேள்வி வங்கியின் கணக்கேட்டை எட்டாதபடி நடுவிலேயே தடுத்து, கேட்டதற்கெல்லாம் “உண்டு, உண்டு” என்று விடை சொல்லும் போலி அமைப்பொன்றை நிறுவிவிட்டனர். பின்னர், போலி அட்டைகளோடு பல நாடுகளில் காத்திருந்த கூலிகள் ஏ.டி.எம்.களில் பணம் எடுக்கலாயினர்.

28 நாடுகளில் ஏறத்தாழ 12,000 முறை எடுக்கப்பட்ட தொகை சுமார் 78 கோடி ரூபாய். இந்தியாவுக்குள் எடுக்கப்பட்டது சுமார் 2½ கோடி. ஆகஸ்டு 13, திங்களன்று ஸ்விப்ட் வழியே ஹாங்காங்குக்கு 13.92 கோடி அனுப்பப்பட்டது. மொத்த நட்டம் 94.42 கோடி ரூபாய். இவ்வழக்கில் 11 பேர் குற்றவாளிகள் என்று 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வைப்புத்தொகை வைத்தவர்களின் கணக்கில் பணம் குறையவில்லை என்று வங்கி அறிவித்தது, அது உண்மையே. ஆயின் கூட்டுறவு வங்கியின் நட்டம் இறுதியில் யாரைச் சாரும்? முதலாளி ஒருவர் இல்லாத இடத்தில் பங்குதாரரே முதலாளி. லாபம் வரும்போது பங்கு ஈவு பெறும் கைகளே நட்டத்தையும் தாங்கியாக வேண்டும். நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கோ வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பும் கிடையாது. அங்கே நட்டத்தின் முன் நிற்பவை அங்கத்தினரின் பங்குத்தொகையும், பல்லாண்டுகளாகச் சேர்த்த காப்பு நிதியுமே.

ஒரு வளை, 300 வங்கிகள்

மூன்றாம் நிகழ்ச்சி நமக்கு இன்னும் அணுக்கமானது. தனித்தனியே கணினி அமைப்பு வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு வங்கிகள் பல, ஒரே நிறுவனத்தின் சேவையைச் சேர்ந்து வாங்குகின்றன. டி.சி.எஸ். நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து தொடங்கிய சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் அத்தகையது. 2024 ஜூலை இறுதியில், கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் தீய மென்பொருள் அந்நிறுவனத்தைத் தாக்கியது. நோய் பிற வங்கிகளுக்கும் பரவாமலிருக்க, தேசியப் பணம் செலுத்துதல் கழகம் ஜூலை 31 அன்று அந்நிறுவனத்தின் தொடர்பைத் துண்டித்தது. அதனால் நாடெங்கும் சுமார் 300 சிறு வங்கிகள், பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளும் ஊரக வங்கிகளும், யு.பி.ஐ., ஏ.டி.எம். வலைப்பின்னலிலிருந்து விலகி நின்றன. மறுநாள் ஆகஸ்டு 1 அன்று தொடர்பு மீண்டது.

வினை எங்கே தொடங்கிற்று? கிளவுட்செக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வின்படி, அது வங்கியிலும் தொடங்கவில்லை, சி-எட்ஜிலும் தொடங்கவில்லை. அந்நிறுவனத்தோடு தொழில் தொடர்புள்ள மற்றொரு சிறு நிறுவனத்தில், சரியாக அமைக்காமல் விடப்பட்ட ஒரே ஒரு சர்வரே வாயிலாக அமைந்ததாம். அந்த 300 வங்கிகளின் அங்கத்தினரில் எத்தனை பேர் அந்தச் சிறு நிறுவனத்தின் பெயரையேனும் கேள்விப்பட்டிருப்பர்?

நெசவாளர்க்கு ஓர் உவமை சொல்வோம். பாவின் ஆயிரக்கணக்கான இழைகளும் ஒரே அச்சின் வழியே வந்தாக வேண்டும். அச்சின் பல் ஒன்று வளைந்துவிட்டால் நூல் நல்லதாயினும், கை தேர்ந்ததாயினும், சேலையின் தலைப்பு முதல் முடிவு வரை கோடு விழும். ‘ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும்’ என்பது நம் இயக்கத்தின் மந்திரம். ஒன்று சேர்வதால் வலிமை பெறுகிறோம். அவ்வாறே ஒருவர் அசட்டையின் விளைவையும் எல்லோரும் சேர்ந்தே அனுபவிக்கிறோம். மந்திரத்தின் இம்மறுபக்கத்தை இனியேனும் நாம் உணர்தல் வேண்டும்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணமுண்டு. நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கி ஒரே பொது மென்பொருளில் இணைக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. நல்ல திட்டம், கணக்குத் தெளிவாகும், கடன் விரைவாகும். ஆயின் இதுவரை தனித்தனிக் குட்டைகளாயிருந்த சங்கங்கள் இனி ஒரே ஏரிச்சங்கிலியில் சேர்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

காகிதத்துக்கே திரும்பலாமா?

“இவ்வளவு அபாயமிருந்தால் பழைய பேரேடும் சிட்டாவுமே மேல் அல்லவா?” என்று மூத்த அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. ஆயின் காகிதக் காலத்தில் களவு இல்லையா? போலிக் கையொப்பமும், இரட்டைப் பேரேடும், எழுதாத ரசீதும் எத்தனை சங்கங்களைக் கவிழ்த்தன என்பது தணிக்கைத் துறையினர் யாவரும் அறிந்ததே. அன்று களவாடியவன் உள்ளூரான். ஓராண்டில் சிறுகச் சிறுக எடுத்தான். இன்று களவாடுபவன் அயல்நாட்டான். ஓரிரு மணி நேரத்தில் வாரிச் செல்கிறான். வேறுபாடு தூரத்திலும் வேகத்திலுமே. ஆதலால் கருவியைத் துறப்பது வழியன்று; கருவிக்கேற்ற காவலை ஏற்படுத்துவதே வழி.

காவலின் பயனுக்குக் கூடங்குளம் அணுமின் நிலையமே சான்று. 2019 செப்டம்பரில் அங்கு ஒரு கணினியில் தீய மென்பொருள் புகுந்திருந்தமை தெரியவந்தது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைத்திருந்த கணினி என்றும், நிலையத்தை இயக்கும் கணினிகள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தமையால் அவற்றுக்குத் தீங்கில்லை என்றும் இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. கள்வன் முற்றம் வரை வந்தான். நடுவே சுவர் இருந்தமையால் களஞ்சியத்தை எட்டவில்லை.

நம் காலத்துக் குடிமராமத்து

ஏரிக்கரையைக் காக்க நம் முன்னோர் கண்ட முறை குடிமராமத்து. மழைக்கு முன்னே வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையில் மண் அணைத்தான். நண்டு வளையை அடைத்தான். மதகைச் சீர் செய்தான். பெரிய வேலையை அரசு செய்தது. சிறு வேலையை ஊர் செய்தது. இணையத்துக்கும் அத்தகைய குடிமராமத்து வேண்டும். நம் சங்கங்கள் தம் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுள் பலவற்றுக்குப் பணச் செலவும் இல்லை.

முதலாவது, கடவுச்சொல். சங்கம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் வைத்து, அதையும் தாளில் எழுதிக் கணினியின் நெற்றியில் ஒட்டிவைத்திருப்பதை நாம் பல இடங்களில் காண்கிறோம். இரும்புப் பெட்டிச் சாவியை வாசற்படியில் மாட்டி வைப்போமா? ஒவ்வோர் ஊழியருக்கும் தனிக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டும். காரியதரிசி விடுப்பில் போனால் அவர் கடவுச்சொல்லும் விடுப்பில் போகட்டும்; பொறுப்பேற்பவருக்கு வேறு அனுமதி தரவேண்டும்.

இரண்டாவது, பிரிவினை. கணக்கு எழுதும் கணினியில் திரைப்படம் பார்ப்பதும், வந்த கடிதத்தையெல்லாம் திறப்பதும், கண்டவர் பென் டிரைவைச் செருகுவதும் கூடா. மென்பொருளுக்கு வரும் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் ஏற்றல் வேண்டும். திருத்தம் என்பது பெரும்பாலும் ஒரு வளையை அடைக்கும் மண்ணே.

மூன்றாவது, மறுபடி. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டபோது, நாட்டின் தலைசிறந்த அம்மருத்துவமனை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காகிதத்திலும் பேனாவிலும் நோயாளிகளைப் பதிய நேர்ந்தது. கணக்கின் நகல் ஒன்றைக் கணினியோடு இணைக்காமல் தனியே, இரும்புப் பெட்டியில், வைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை அந்நகலைத் திறந்து படிக்க முடிகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். திறவாத நகல் முளைக்குமா என்று சோதிக்காத விதைநெல்லைப் போன்றது.

நான்காவது, அன்றாட ஒப்பீடு. கும்பகோணத்தில் பணத்தை மீட்டுக் கொடுத்தது இதுவே. சங்கத்தின் கணக்கையும் மத்திய வங்கியிலுள்ள சங்கத்தின் கணக்கையும் நாள்தோறும் ஒப்பிட வேண்டும். விடுமுறை முடிந்த காலையில் பிற வேலைக்கு முன் இதையே செய்ய வேண்டும். புனேயில் இரண்டாம் சனிக்கிழமை பார்த்து வந்தனர். 2016இல் வங்காளதேசத்தின் மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலரைக் கொண்டுபோனவர்களும் அந்நாட்டின் வார விடுமுறைக்கு முந்திய இரவையே தேர்ந்தனர். நாம் ஓய்ந்திருக்கும் வேளையே கள்வர்க்கு உகந்த வேளை.

ஐந்தாவது, ஒளியாமை. களவு நேர்ந்தால், “சங்கத்தின் மானம் போய்விடும்” என்று மூடி மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது பெருந்தவறு. இத்தகைய ஊடுருவல்களைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ எனப்படும் இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2022 ஏப்ரலில் ஆணை பிறந்துள்ளது. கீழேரிக்காரனுக்குச் சொல்லாமல் மேலேரி உடைப்பை மறைப்பவன் ஊருக்குப் பகைவன்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டுவதும் உண்டு. தொலைபேசியில் வரும் ஓ.டி.பி. எண்ணை, பேசுபவர் வங்கி அதிகாரி என்றாலும், போலீசு என்றாலும், சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் கணமும் தாழ்த்தாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, வங்கிக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தம் குற்றமுமின்றி வங்கியின் குற்றமுமின்றி நேர்ந்த களவை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் நட்டம் ஏற்க வேண்டுவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதித்தது. ஓ.டி.பி.யைத் தாமே சொல்லிக் கொடுத்தவருக்கோ, புகார் தரும் வரையுள்ள நட்டம் அவரையே சேரும் என்றது. இவ்விதிகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. ஆயினும் விரைந்து தெரிவித்தவருக்கே நன்மை என்பது எக்காலத்துக்கும் பொருந்தும்.

மேலிடத்தின் பங்கு

இவ்வளவும் சொன்னதால் பாரத்தையெல்லாம் சிறு சங்கத்தின் தலையில் ஏற்றுகிறோம் என்று எண்ணற்க. இரண்டு ஊழியர் மட்டுமுள்ள சங்கம், ஒருவர் பதிய மற்றொருவர் சரிபார்க்க வேண்டுமென்றால், ஒருவர் வாராத நாளில் என் செய்யும்? மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் உள்வீட்டைச் சோதிக்கும் ஆற்றல் ஒரு கிராமச் சங்கத்துக்கு எங்கிருந்து வரும்? கடலடி வடத்தை யார் காப்பது? இவை தனிச் சங்கத்தால் ஆகாதவை. மத்திய வங்கிகளும், தலைமை வங்கியும், அரசும் இவற்றை ஏற்றல் வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு கணினிப் பாதுகாப்பு அறிஞரைச் சங்கங்கள் கூடி அமர்த்திக்கொள்ளலாம். கூட்டாக டிராக்டர் வாங்கத் தெரிந்த நமக்குக் கூட்டாகக் காவல் வைக்கவும் தெரிய வேண்டும்.

அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் பங்கு ஈவைக் கேட்பதோடு நில்லாமல் அங்கத்தினர்கள் நான்கு கேள்விகளை எழுப்புவார்களாக: நம் கணக்கு யாருடைய சர்வரில் இருக்கிறது? அதன் நகல் எங்கே இருக்கிறது? கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது? அந்த நிறுவனத்தில் உடைப்பு நேர்ந்தால் நமக்குச் சொல்ல வேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? தலைவரும் காரியதரிசியும் இவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். விடை தெரியாவிடில் அடுத்த மாதத்துக்குள் தெரிந்து வந்து சொல்லட்டும். இக்கேள்விகள் எழும் சங்கத்தில் கரை கவனிக்கப்படுகிறது என்று பொருள். பருவமழை வரும் முன்னே கரையைச் சுற்றி வருவது நம் ஊர் வழக்கமன்றோ?